பொய்த்தளிர்

டைக் வீதியில், மதில் பாதி விழுந்த வளவு.
பகலில் பஸ் நிலையப் பக்கம் மேயும் மான்கள்
இருட்டியதும் உள்ளே வரும்.
மாதுளையின் நுனிகளைத் தின்றுவிட்டுப் போகும்.
இருபத்தெட்டு வருஷம்.
என் இடுப்புக்கு மேல் அது வளரவில்லை.
அடிமரமோ தொடையளவு,
பிழிந்த துணியை விரிக்க மறந்தது மாதிரி முறுக்கு.

நான் ஆசைப்பட்டது மரத்துக்கா
மான்களின் வேலைக்கா, தெரியாது.

மதியாபரணம் ஐயா வாடகை அறை கட்டப்போகிறார்.
“கட்டையை வைச்சு என்ன செய்யப் போறாய் பிள்ளை?
அடுப்புக்கும் ஆகாது.”
தட்டில் வைக்கப் போகிறேன் என்றேன்.
சாப்பிடவோ என்று கேட்டார்.

போன தையில் வடக்குப் பக்கம் அரைவட்டம் வெட்டி,
வேரறுத்து, ஆற்றுமணல் போட்டு மூடினேன்.
மரத்துக்கு ஒரு வருஷத் தவணை.
வெள்ளிக்கிழமைகளில் வங்கி மூடியபின் வந்து
இலையின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் போவேன்,
கடன் கொடுத்தவள் மாதிரி,
சில நாள் வாங்கியவள் மாதிரி.

இந்தத் தையில் தெற்குப் பக்கம்.
மழை விட்டு மூன்றாம் நாள்;
மண் அலவாங்குக்கு இணங்கும், உதிராது.
கிண்ணியாவிலிருந்து அஜ்வத் ஓட்டோவோடு வந்தான்.
ஆணிவேர் ஆழம் போகவேயில்லை.
கிணற்றுப் பக்கமும் போகாமல்
வீட்டை நோக்கிப் படுத்து ஓடியது.
முனையில் சல்லிவேர்கள் சடைபிடித்து
எதையோ கட்டிக்கொண்டு கிடந்தன.
அஜ்வத் ஒரு போடு போட்டான்.

தண்ணீர் அவன் முகத்தில் அடித்தது.

அரை இஞ்சிக் குழாய்.
மூட்டு எந்த வருஷம் விட்டதோ.

ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.
“பதினாறு வருஷமாத் தண்ணிக் கந்தோரோட சண்டை பிடிச்சனான்.
மீற்றரை ரெண்டு தரம் மாத்தினவங்கள்.
கள்ளன் முத்தத்திலயே நிண்டிருக்கிறான்!”
நனைந்த கையால் மரத்தின் பிடரியில் போட்டார்.
அடித்தாரா, தட்டிக்கொடுத்தாரா,
அந்தச் சேற்றுக்குள் பிரித்தறிய முடியவில்லை.

ஆணிவேரை நான்தான் அறுத்தேன்.
உயிருள்ள வேர் வாளுக்குக் கீறிச்சிடாது.
ஈரமாக இருமும்.

அறை கட்ட வந்த மேசன்மார் இருவரும் கைகொடுக்க
ஈரச்சாக்கில் சுற்றித் தூக்கினோம்.
உவர்மலை ஏற்றத்தில் ஓட்டோ
இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கியது.

சீமெந்து குழைக்கிற தட்டம்தான் முதல் சட்டி.
செங்கல் நொறுக்கு, கரி, கொஞ்சம் தும்பு.
மரம் அசைந்தால் புதுவேர் அறும்.
கச்சான் காற்றுக்கு முன்
தங்கூசியால் நாலு மூலைக்கும் இழுத்துக் கட்டினேன்.

இருபதாம் நாள் பட்டையை நகத்தால் சுரண்டினேன்: பச்சை.
முப்பதாம் நாள்: பச்சை.
அதன்பிறகு என் நகத்தை நானே நம்பவில்லை.

நாற்பத்தேழாம் நாள் மூன்று தளிர், செம்பு நிறத்தில்.
கொப்பியில் நான் கீறி வைத்த எந்தக் கிளையிலும் இல்லை;
மானின் வாய் ஒருபோதும் எட்டாத பின்புறத்தில்.

கொண்டாட ஏலாது.
கீழே வேர் இல்லாமலும் மரம் தளிர்க்கும்.
அடிமரத்தில் மிச்சமிருக்கும் பழைய நீர்
ஒருதரம் மேலே வந்து பார்க்கும்.
பிறகு ஒரு மத்தியானத்தில் எல்லாம் கருகும்.
இந்த மூன்று தளிரிலும் நிற்பது
இன்னும் டைக் வீதித் தண்ணீராக இருக்கலாம்,
ஐயா காசு கட்டியது.

கிழமைக்கு ஒருக்கால் அவர் போன் எடுக்கிறார்.
பில் முன்னூறு ரூபாய் குறைந்திருக்காம்.
அறைக்குக் கூரை போட்டாயிற்றாம்.
மான்கள் வந்து, அந்த இடத்தில் நின்று,
சீமெந்தை மணந்துவிட்டுப் போகுதுகளாம்.
“எங்கட மரம் எப்பிடிப் பிள்ளை?”

தளிர்த்திருக்கு, என்கிறேன்.

முற்றத்தில் நாலு தங்கூசியும்
காற்றுக்கு லேசாய் முனகத் தொடங்கியிருக்கின்றன.