மஸ்கட்

மாதத்தின் இரண்டாம் வெள்ளி, மாலை ஐந்தே முக்கால்.
ஆபீஸ் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு
செகண்ட் லைன் பீச்சில்
கதிரேசனின் வண்டியோரம் நிற்பேன்.
என்ன வேணும் என்று அவன் கேட்பதில்லை.
ஆரஞ்சு நூடுல்ஸ் ஒரு பிடி,
கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர்,
பொரித்த பூண்டு, அது பொரிந்த எண்ணெய்,
உள்ளங்கையில் நொறுக்கிய பேஜோ.
வெறுங்கையால் பிசைவான்,
தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதுபோல,
அவசரமில்லாமல்.

தயாளனுக்கு இந்தக் கை பிடிக்காது.
ஆரஞ்சு பிடிக்காது. ஆறிப்போன எதுவும் பிடிக்காது.
சாம்பார் ஓடிப்போய்ப் பொரியலைத் தொட்டால்
எழுந்து வேறு தட்டு எடுத்துவருகிற ஆள்.
கல்யாணமான மாதம்
எனக்காக ஒரு வாய் வாங்கினார்.
மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.
பிறகு திரும்பி நின்று, கைக்குட்டையில் துப்பி,
அதை நாலாக மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
தெருவில் போடவில்லை.
அந்த மடிப்பில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.
அத்தோ சாப்பிடக் கூப்பிடுவதையும்
அன்றோடு விட்டேன்.

"சாரையும் ஒருநாள் கூட்டிட்டு வாங்கக்கா"
என்றான் கதிரேசன்.
வாய் நிறைய இருந்தது.
இத்தனையும் சொல்ல முடியாது.
"மஸ்கட்ல இருக்காரு" என்றேன்.

ஏழு வருஷமாக மஸ்கட்டில் இருக்கிறார்.
அங்க வெயில் எப்படி, சம்பளம் ஏறிச்சா,
போன் பண்றாரா என்று விசாரிப்பான்.
தனியா பிள்ளைங்களை வச்சுக்கிட்டு பாவம் என்று
அவித்த முட்டையைக் கீறி, வெங்காயம் திணித்து,
கணக்கில் சேர்க்காமல் நீட்டுவான்.
எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.
முட்டையை வாங்கிக்கொள்வேன்.

போன மாதம்
மூக்குக் கண்ணாடி வாங்கப் பாரிமுனை வந்தவர்
போன்கூடப் பண்ணாமல் நேரே வந்துவிட்டார்.
எதிர்ச் சாரியில், ஸ்டேஷனரிக் கடை ஷட்டரோரம்,
மூக்கில் கைக்குட்டையோடு.
"யாருக்கா அது, உங்களையே பாத்துக்கிட்டு?"
"லீவுல வந்திருக்காரு."

கதிரேசனுக்கு அப்படியொரு சந்தோஷம்.
கையைக் கழுவிக்கொண்டு ஓடினான்,
வாழைத்தண்டு சூப் தளும்பத் தளும்ப.
"அங்கெல்லாம் இது கிடைக்குமா சார்?"
தயாளன் என்னைப் பார்த்தார்.
நான் கோஸைப் பார்த்தேன்.
"கிடைக்காது" என்றார், மெதுவாக.

குடித்தார். இன்னொரு மடக்குக் குடித்தார்.
"பரவாயில்லையே."

எனக்கு அடிவயிற்றில் ஏதோ நழுவியது.
வேண்டாங்க.
ஃபேனின் வேகம் உங்கள் விருப்பம்,
ஜன்னலோரம் உங்களுக்கு,
மிளகாய் எத்தனை என்பதும் உங்கள் நாக்கின் கணக்கு.
மாதத்தில் ஒரு இருபது நிமிஷம்,
இந்த மூணடி நடைபாதை,
பூண்டு நாறும் இந்த வாய்,
இது மட்டும்
பிடிக்காமலே இருக்கட்டும் உங்களுக்கு.

ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்தார்,
வாசனைக்குப் பயந்து.
பார்க் ஸ்டேஷன் தாண்டியதும் கேட்டார்:
"மஸ்கட்ல எனக்கு என்ன வேலை?"
"ஏசி மெக்கானிக்."
சைதாப்பேட்டை வரைக்கும் யோசித்தார்.
"சூப்பர்வைசர் ஆக்கியிருக்கலாம்."

இந்த வெள்ளி.
"சார் கிளம்பிட்டாராக்கா?"
"நேத்து ராத்திரி ஃபிளைட்டு" என்றேன்,
இன்னும் கொஞ்சம் பேஜோ போடச்சொல்லி.