பதினான்காம் எண்

டுலூத் நகரில் நவம்பர்.
ஏரிக் காற்று மேடேறி வந்து
கதவைத் தட்டாமலே உள்ளே நுழைகிறது.
செத்துப்போன ஓர்வில் ருவோனவாராவின் வீடு:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் கட்டியது,
அறுபத்தெட்டில் பின்பக்கம் ஓர் அறை ஒட்டவைத்தது.
வாங்கப்போகிறவள் பா ஹுவா,
இரவுப் பணி முடித்த நர்ஸ்,
ஆஸ்பத்திரிச் செருப்போடே என் பின்னால் வருகிறாள்.

மஞ்சள் சோதனைக் கட்டையைச் சாக்கெட்டில் செருகுகிறேன்.
இரண்டு விளக்கு எரிந்தால் சரி.
ஒன்று மட்டும் எரிந்தால் எர்த் இல்லை.
கூடத்தில் ஒன்று. சாப்பாட்டறையில் ஒன்று.
சமையலறையில் இரண்டு,
ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.
மூடியைக் கழற்றினால்
எர்த் திருகிலிருந்து நியூட்ரலுக்கு
விரல் நீளத்தில் ஒரு செம்புத் துண்டு.
பொய்ச் சாட்சி.
யாரோ ஒரு ஞாயிற்றுக்கிழமை
என்னைப் போல் ஒருத்தி வருவாள் என்று
முன்கூட்டியே கட்டிவைத்த பொய்.

"ஆபத்தா?"
"நியூட்ரல் அறுந்துபோகிற நாள் வரைக்கும் இல்லை."
அவள் சிரிக்கவில்லை.
நோயாளிகளிடம் அவளும் இப்படித்தான் பேசுவாளோ என்னவோ.

பரணில், பீங்கான் குமிழ் பிடித்துப் பிடித்து
துணி சுற்றிய பழைய கம்பி நடந்து போகிறது.
அதன் மேல் பஞ்சைக் கொட்டிவைத்திருக்கிறார்கள்,
சூடு போக வழியில்லாமல்.
பின்னறையில் அலுமினியம்.
விரிந்து, சுருங்கி, விரிந்து
அரை நூற்றாண்டாகத் தன் பிடியைத் தானே தளர்த்திக்கொண்டு
திருகுக்கடியில் கறுத்துக் கிடக்கிறது.
படம் எடுத்துக்கொள்கிறேன்.

நிலவறையில் பேனல்.
கதவின் உட்புறம் பென்சில் எழுத்து:
ஐரீன் தையல்.
அடுப்பு.
மாடி, ஹீட்டர் போடாதே.
எட்டாம் எண்ணில், பதினைந்து தாங்கும் வயருக்கு
முப்பது ஆம்ப் பிரேக்கர்.
இப்படி ஒன்றைப் பார்த்த பிறகு
அன்றிரவு எனக்குத் தூக்கம் சரியாக வராது.

பதினான்காம் எண்ணுக்குப் பெயர் இல்லை.
அழித்த தடம் மட்டும் இருக்கிறது.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் காகிதத்தில் பள்ளம் தெரிகிறது:
டெ, பிறகு ஒரு நெளிவு, கடைசியில் ட்.

காலி வீடு, அனுமதியும் உண்டு; அணைத்தேன்.
எதுவும் அணையவில்லை.
பா ஹுவா மாடியில் ஒவ்வொரு அறையாகக் கத்திச் சொல்கிறாள்,
"எரியுது! இங்கேயும் எரியுது!"

பத்து நிமிடம் கழித்து
பைஜாமாவுக்கு மேல் கோட்டு மாட்டிய கிழவர்
பக்கத்து வீட்டிலிருந்து வந்து நின்றார்.
டெல்பர்ட் ஸ்கோக்லண்ட்.
"என் ஃப்ரீஸர் நின்னுபோச்சு."

ஒரு குளிர்காலத்தில் அவர் வீட்டுப் பேனல் எரிந்ததாம்.
ஓர்வில் உறைந்த மண்ணைக் கடப்பாரையால் பிளந்து
கராஜ் வரை கேபிள் புதைத்தானாம்,
வசந்தம் வரைக்கும் என்று சொல்லி.
பிறகு எல்லையில் நின்ற ஒரு தேவதாரு.
பிறகு வக்கீல்கள்.
பதினொரு வருடம் பேச்சில்லை.

"பேரை அழிச்சிட்டானா?" என்றார், குனிந்து பார்த்து.
"அணைக்கலை," என்றேன்.
"தெரியும். மூடியைத் திறந்ததும் உள்ளே விளக்கு எரியுதான்னுதான்
தினமும் முதல்ல பார்ப்பேன்."

அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை.
பா ஹுவா கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டாள்:
"உள்ளே என்ன இருக்கு?"
"அரை மான். கொஞ்சம் மீன்."
"இதைத் துண்டிச்சாகணுமா?" என்றாள் என்னிடம்.
"ஆகணும்."
"எப்போ?"

மடித்தட்டில் எழுதினேன்:
பதினான்காம் சுற்று, எல்லைக்கு வெளியே முடிகிறது,
உரிமம் உள்ள மின்பணியாளர் நீக்க வேண்டும்.
எப்போது என்பதற்கு என் படிவத்தில் கட்டமில்லை.

வந்தபோது இருந்தபடியே விட்டுவிட்டுப் போவது
எங்கள் தொழிலின் விதி.
பிரேக்கரை மேலே தள்ளினேன்.
டெல்பர்ட் விடைபெறாமல் படியேறினார்,
கராஜில் போய்க் காது கொடுத்துக் கேட்க.
எட்டாம் எண்ணின் படம் மங்கலாக விழுந்திருந்தது.
மறுபடி எடுத்தேன்.