அறுபது டிகிரி

சனிக்கிழமை.
சௌனாவின் மேல்பலகையில், என் இடத்தில்,
வில் உட்கார்ந்திருக்கிறது.

பிர்ச் ஒரு பட்டை, ஆஷ் ஒன்று, மறுபடி பிர்ச்.
நடுவே பசை.
அச்சோடு சேர்த்து இறுக்கிச் சுற்றிய
சைக்கிள் டியூப்.
அறுபது டிகிரி, ஆறு மணி நேரம்,
தண்ணீர் ஊற்றாதே என்று
கதவில் சீட்டு ஒட்டியிருக்கிறாள் ஸெல்மா.

துண்டோடு வெளியே நிற்கிறேன்.
கயானியில் இன்று மைனஸ் பத்தொன்பது.
குளித்துச் சிவந்த ஔலிஸ்
அடுத்த முற்றத்துப் பனியிலிருந்து கையசைக்கிறார்.

போன மாதத்து வில்
முதல் இழுப்பிலேயே
'டிக்' என்றது. அவ்வளவுதான்.
அவள் திட்டவில்லை.
பட்டை பிரிந்த இடத்தில் ஒரு தாளைச் செருகி
எவ்வளவு ஆழம் போகிறதென்று பார்த்தாள்.
அன்றிரவு நாங்கள் ஏதோ பேசத் தொடங்கி
பாதியில் விட்டோம்.

எட்டரைக்கு அடுப்பை அணைக்கிறாள்.
"இனி குளிக்கலாமா?"
"ஆறட்டும்."
வில்லைத்தான் சொல்கிறாள்.

பத்து மணிக்கு மேல்
டியூபை அவிழ்க்க இரண்டு கை போதவில்லை.
"இங்கே பிடி."
பிடிக்கிறேன். பிதுங்கி உறைந்த பசை
உள்ளங்கையைக் கீறுகிறது.
அவள் தாளை எடுக்கிறாள்.
விளிம்போடு மெல்ல நகர்த்துகிறாள்.
எங்கும் நுழையவில்லை.
கைப்பிடிக்குச் சற்று மேலே மட்டும்
தாள் ஒரு கணம்
தயங்குகிறது.