சாய்கோடு

சுங்கை சிப்புட்டில் சைக்கிள் கடைக்கு மேல்மாடி.
கீழே செம்பனைக் குலை ஏற்றிய லாரி போனால்
என் திரை ஒரு தடவை நடுங்கும்.
இங்கிருந்துதான் ஓடுகின்றன பதினான்கு இணையதளங்கள்:
இரண்டு கோயில், தமிழ்ப்பள்ளி, கூட்டுறவுக் கடை,
ஈமச்சடங்கு சேவை, ஒரு கேட்டரிங்,
மீதியெல்லாம் கல்யாண மண்டபம்.
எல்லாவற்றுக்கும் வார்ப்புரு ஒன்று.
ஒன்று என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கோயிலுக்குச் செய்ததை மண்டபத்துக்கு நகலெடுத்தேன்.
மண்டபத்தில் வெட்டியதைக் கடைக்கு ஒட்டினேன்.
அவசரத்தில், தலைப்பைத் தலைப்பென்று குறிக்காமல்
எழுத்தைத் தடிப்பாக்கிப் பெரிதாக்கி விட்டேன்.
பார்க்க ஒன்றுபோலத்தான் இருந்தது.
பார்க்க.

செவ்வாய்க்கிழமை கூட்டுறவிலிருந்து போன்.
கணக்காளர் இருதயசாமி. பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை,
திரையை ஒரு குரல் அவருக்கு வாசிக்கிறது.
"கோயில் பக்கத்துல தலைப்புக்குத் தலைப்பு தாவிப் போறேன்மா.
நம்ம கடைப் பக்கத்துல கால் வைக்க எடமில்ல.
ஒரே தாவு, நேரா அடியில,
காப்புரிமை வரியில போய் விழறேன்."
சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.
நான் சிரிக்கவில்லை.

அன்றிரவு பதினான்கையும் பெரட்டுக்கு நிறுத்தி
நிரை நிரையாகக் குறிகளை எண்ணினேன்.
பள்ளியில் ஒரு பத்தி மூன்று வருடமாய்த் திறந்தே கிடந்தது.
உலாவி, பாவம், தானே ஊகித்து மூடி
என் மானத்தைக் காத்திருக்கிறது.
கேட்டரிங்கில் பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி,
எட்டாவது ஆழத்தில் நாசி லெமாக்.

ஈமச்சடங்குப் பக்கத்தில் கை நின்றுவிட்டது.
அங்கே பெயர்கள்.
ஒரு வரியில் ஏ/எல், அடுத்ததில் த/பெ,
அதற்கடுத்து எஸ்/ஓ, யார் தட்டச்சு செய்தார்களோ அப்படி.
சின்னம்மணிக்கு மட்டும் எதுவும் இல்லை.
பழைய படிவம் சாய்கோட்டைப் பிழையென்று எண்ணி
பின்னால் வந்த தகப்பனையும் சேர்த்து விழுங்கியிருந்தது.
யாருக்கும் மகளில்லாமல் இரண்டு வருடம் இருந்திருக்கிறாள்.
காலையில் நான்கு போன் போட்டுக் கண்டுபிடித்தேன்:
முத்துக்கருப்பன்.

ஒரே கோடுதான்.
குறிக்குள் நின்றால், தொடங்கியது இத்தோடு முடிந்தது.
பெயருக்குள் நின்றால், இன்னாருக்குப் பிறந்தவள்.
அதை அவள் பெயரில் வைக்கும்போது
ஏனோ இரண்டு முறை சரிபார்த்தேன்.

இப்போது தலைப்பு ஒரு கோப்பில், அடிப்பகுதி ஒரு கோப்பில்.
பதினான்கும் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்,
யாருக்கும் தனி நகல் கிடையாது.

புதன் மதியம் மண்டபத்துக்காரர் தயாநிதி கூப்பிட்டார்.
"எங்க தலைப்பு ஏன்மா சின்னதாப் போச்சு?
முன்ன மாதிரி பெரிசா வேணும்."
"போடலாம் அண்ணே. ஒரே இடம்தான்.
அங்க பெரிசாக்கினா ஈமச்சடங்கும் பெரிசாகும்."

அந்தப் பக்கம் சத்தமில்லை.
கீழே லாரி போனது.
"சரி," என்றார், "இருக்கட்டும்."