உடைந்து வந்தது

இராணிப்பேட்டைத் தோல் கிடங்கிலிருந்து
மாட்டு வண்டியில், வைக்கோலோடு வந்தது
பேதுரு மூழ்கும் ஜன்னல்.
நாற்பத்திரண்டில்
ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று
கழற்றிக் கொண்டுபோய் ஒளித்தோம்.
வேலூரில் குண்டு விழவில்லை.
கிடங்குப் பரணிலிருந்து விழுந்தது
ஒரு கட்டு ஆட்டுத்தோல்.

நான் சபைக் கணக்கன், ஏசடியான்.
கண்ணாடியைப் பற்றி எனக்குத் தெரிந்தது
அதன் விலை மட்டும்.

காட்பாடி ஜங்ஷனில் சிக்னல் விளக்கு பழுது பார்க்கும்
தஸ்தகீரைக் கூப்பிட்டோம்.
செருப்பை வாசலில் விட்டவர்
நேராக, மேஜை எங்கே என்றார்.
இரண்டு பெஞ்சை ஒட்டிப் போட்டு
சில்லுகளைப் பரப்பினார்.
தாடி கிடைத்தது. படகின் மூக்கு கிடைத்தது.
ஆண்டவரின் கை, மணிக்கட்டோடு,
வைக்கோலுக்குள் முழுசாக இருந்தது.

மிலிட்டரி ஏலத்தில் பழைய லாரி பாட்டரி மூன்று,
ஈயத்துக்காக: ரூபாய் ஏழு, அணா நாலு.
மக்குக்குச் சுண்ணாம்புத் தூள், ஆளிவிதை எண்ணெய்: ஒன்றரை ரூபாய்.
ஈயம் உருக்கிய புகைக்கு இருமல் மருந்து: மூன்றணா.
சிவப்புக் கண்ணாடி: செலவில்லை.
எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.
அந்த வாரம் யார்டில் ஒரு விளக்குக்குக்
கண் இல்லை என்று பேச்சு.
ரயிலை நிறுத்திக்கொண்டிருந்த சிவப்பு
இப்போது ஆண்டவரின் தோளில் கிடக்கிறது.

நீலம்தான் அகப்படவில்லை.
பேதுருவின் இடுப்புக்குக் கீழே
இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் கடலைக் காணோம்.
மெட்ராஸில் இல்லை, பம்பாயில் இல்லை.
இங்கிலாந்துக்கு எழுதினோம்.
இங்கே இடிந்த கோயில்களுக்கே போதவில்லை,
வரிசையில் வையுங்கள் என்று பதில்.

தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
சாமியில்லாத கோயில் என்று
எங்கள் ஊரைச் சொல்வார்கள்.
நீலமில்லாத கடலையும் சேர்த்துக்கொள்ளட்டும் என்று
வெறுங் கண்ணாடியை அறுத்துப் பொருத்தினார்.
‘இப்போதைக்கு’ என்றார்.
அப்படியே எழுதினேன்: இப்போதைக்கு, பத்தணா.

முதல் ஞாயிறு
எல்லார் சட்டையிலும் மஞ்சள், பச்சை.
பிரசங்கத்தில் ஆயரின் காது சிவந்திருந்தது.
அந்த இரண்டு உள்ளங்கை வழியாக மட்டும்
தெருவில் விழுகிற அதே வெயில்
மூன்றாம் வரிசையில், தூணோரம் விழுந்தது.
சலோமி அம்மாள் உட்காரும் இடம்.
மகன் பர்மாவுக்குப் போனவன்.
செத்தவர்கள் பட்டியலிலும் பெயர் இல்லை,
திரும்பியவர்கள் பட்டியலிலும் இல்லை.
பாட்டுப் புஸ்தகத்தை மடியில் விரித்து
வாயை மட்டும் அசைப்பாள்;
கண்பார்வை என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.
அன்று புஸ்தகத்தை வெயிலுக்குள் நகர்த்தினாள்.
எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.
வெயில் நகர நகரப் புஸ்தகமும் நகர்ந்தது.
மூன்றாம் சரணத்தில் ஒரு குரல் கேட்டது,
துருப்பிடித்த கீல் மாதிரி,
எல்லாருக்கும் அரை அடி பின்னால்.

நாற்பத்தொன்பது மார்ச்சில் பெட்டி வந்தது.
பின்னறையில் நான் மட்டும்.
மரத்தூளுக்குள் நீலம், ஒரு கீறல் கிடையாது.
வெளிச்சத்துக்குத் தூக்கினேன்.
என் கை முழங்கை வரை கடலுக்குள் போனது.
அழகுதான். யார் இல்லையென்றது.

இருபத்தாறு வருஷம் ஓரணா பிசகாத புத்தகத்தில்
எழுதினேன்:
உடைந்து வந்தது.
ஆயர் பெருமூச்சு விட்டார். ஆடிட்டர் டிக் அடித்தார்.

மழைக்கு முன்னால் மக்கு பார்க்க வந்த தஸ்தகீர்
அலமாரிக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார்.
காதோரம் வைத்து ஆட்டினார்.
ஒரு சத்தமும் இல்லை.
‘ரொம்ப நல்லா உடைஞ்சிருக்கு’ என்று
இருந்த இடத்திலேயே தள்ளிவிட்டு
ஏணி கேட்டார்.