ஒன்றுக்கு எண்பத்தேழு

டேப்பை நான் நீட்டியதும்
நவமணி வெளியே வந்தார்.
கையில் பாதி உரித்த பூண்டு.
"இடிக்கப் போறீங்களா?"

கேத்தி ஸ்டேஷனுக்குக் கீழே
மூன்று லைன் வீடுகளில் நடு வீடு.
நோட்டீஸ் இரண்டு முறை வந்துவிட்டதாம்.
டேப்போடு வந்தவன் எவனும்
இதுவரை நல்ல சேதி கொண்டுவந்ததில்லை.

இல்லீங்க, கட்டப்போறேன் என்றேன்.
எங்கே?
குன்னூரில், பெட்ஃபோர்டில், மாடியறையில்,
எட்டடிக்கு நாலடிப் பலகைமேல்.
பூண்டுத்தோலை ஊதிவிட்டு
என் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தார்.
பிறகு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

பின்சுவர் பதினாறடி.
கதவு ஆறடி, அவர் வீட்டுக்காரர் குனிந்துதான் நுழைவாராம்.
எண்பத்தேழால் வகுத்தால்
சுவர் ஐம்பத்தாறு மில்லிமீட்டர், கதவு இருபத்தொன்று.
வாசற்படி தேய்ந்திருப்பது முக்கால் அங்குலம்.
வகுத்தால்
ஒரு நகக்கீறல்.

"செய்றதுதான் செய்றீங்க,
அந்த வீட்டையாவது ஒழுகாம செய்யுங்க."

*

பகலில் நான் பல் செய்கிறவன்.
டாக்டர்கள் அனுப்பும் அச்சில் மாவு ஊற்றி
யார் யாரோ மெல்லப்போகும் கடைவாய்களைச் செதுக்குகிறேன்.
இரவிலும் அதே கத்தி, அதே மெழுகு, அதே விளக்கு.
நவமணி வீட்டுச் சுண்ணாம்பின் நிறத்துக்குப்
பல்நிற அட்டையைத்தான் பிடித்துப் பார்த்திருந்தேன்:
ஏ மூன்றரை.
முப்பது வருஷம் டீ குடித்த வாய்.

சுவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை.
நல்ல கனமாக அடிக்கிறார்கள், வாழ்க.
நடுவீட்டின் உட்சுவரில்
ஏதோ ஒரு மாப்பிள்ளையின் பி.இ.
தலைகீழாக நிற்கிறது.
கூரை ஏறியபின் அதை யாரும் படிக்கப்போவதில்லை.

தண்டவாளமும் கரண்டும் ஜோகியின் பாடு.
ஞாயிறன்று வந்து எஞ்சினை விட்டான்.
வளைவில் சிலிண்டர்
பிளாட்பாரத்தை உரசி நின்றது.
"ரெண்டு மில்லி சீவு."
அளந்து கட்டினது ஜோகி.
"மலையையும் அளந்தா கட்டினே?"

பேச்சில்லை எனக்கு.
அந்த மலையை எவ்வளவு வகுத்தாலும்
என் வீட்டு ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு போகும்.
சீவினேன்.
நிஜத்தில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு.
பெட்டியோடு யாராவது நின்றிருந்தால்
பின்னால் நகர்ந்திருப்பார்கள்.

*

நிஜக் கூரையில் நீலத் தார்ப்பாய்.
பறக்காமலிருக்க நாலு செங்கல், ஒரு ஸ்கூட்டர் டயர்.
தார்ப்பாயைச் சாக்லேட் தாளில் வெட்டினேன்.
டயருக்குப் பல்கிளிப்பில் மாட்டும் ரப்பர் வளையம்.
வைத்தேன், எடுத்தேன், வைத்தேன்.
இருப்பது இருக்கட்டும் என்று விட்டுவிட்டு
அதன் அடியில், யாருக்கும் தெரியாத இடத்தில்,
ஓட்டுக்கு ஓடு மெழுகு உருக்கி அடைத்தேன்.
கண்மருந்துக் குப்பியால்
ஒரு மழை பெய்து பார்த்தேன்.
ஒழுகவில்லை.

அன்றிரவு ஜன்னல் கொக்கி விட்டுப்போய்
மேகம் உள்ளே ஏறி வந்துவிட்டது.
எல்லாவற்றையும் வகுத்து வைத்த பலகைமேல்
அது மட்டும் வகுபடாமல் படுத்திருந்தது.
காலையில் பார்த்தால்
ஸ்டேஷன் மாஸ்டர் அறை நமத்து வளைந்து கிடக்கிறது,
சிக்னல் கேபினும் போச்சு.
நடுவீடு நின்றது.

*

போனில் படம் காட்டினேன்.
நவமணி இரண்டு விரலால்
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.
டயரைக் கண்டதும் சிரித்தார்.
"இதையுமா விடல நீங்க."
பிறகு விரல் நின்றது.
"கதவத் திறந்துல்ல போட்டிருக்கீங்க.
கரடி வந்துராது?"

போன மாதம் பக்கத்து வீட்டு
எண்ணெய்த் தூக்கைக் கொண்டுபோனதாம்,
மூடியை மட்டும் வாசலில் போட்டுவிட்டு.

ஒன்றுக்கு எண்பத்தேழில் கரடி
பதினெட்டு மில்லிமீட்டர்.
என் பலகையில் கரடியே கிடையாது.
இருந்தும்
பசை இறுகிய கதவைப்
பல்குத்தும் ஊசியால் நெம்பி நெம்பி
ராத்திரி பதினொன்றரைக்குச்
சாத்தினேன்.