பிடங்கின் நீளம்

சற்சொரூபவதி அதைச் சாக்கில் சுற்றி
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள்.
சாவகச்சேரிப் பட்டறையில் அப்போது நான்
ஒரு தொட்டிலுக்குக் கால் கடைந்துகொண்டிருந்தேன்.
"கதவு நிலை செய்யிறவர் எண்டு சொன்னவை.
துவக்கு தெரியுமோ?"
மரம் தெரியும் என்றேன். இரும்பு தெரியாது.

மலாயாவில் ரப்பர்த் தோட்டத்துக் கிராணியார்
அவளுடைய புருஷன். ஆறடி இரண்டங்குலம்.
அவருடைய பென்சனோடு கப்பலேறி வந்த துவக்கு.
விசைக்குக் கீழே ஒரு வளையம்;
தள்ளி இழுத்தால் வெறுங்கோது துள்ளி விழும்,
அடுத்த தோட்டா ஏறும்.
அவர் போய் இரண்டு மாரி.
லைசென்ஸ் இப்போது அவள் பெயரில்,
பூநகரியில் ஏழு ஏக்கர் வயலும் அவள் பெயரில்.
பன்றிகளுக்கு மட்டும் அது தெரியவில்லை.

தோளில் வைத்துக் காட்டச் சொன்னேன்.
பிடங்கின் அடி அக்குளுக்குள் போக
குழல் என் கூரை ஓட்டைப் பார்த்தது.
கழுத்தை நீட்டி, கன்னத்தை எங்கே வைப்பதென்று தேடினாள்,
வாடகை வீட்டின் முதல் இரவில் சுவிட்ச் தேடுகிறவள் போல.
வலக்கைச் சுட்டுவிரலில் நுனிக்கணு இல்லை;
அரிசி மில்லின் பட்டி தின்றது.
நடுவிரலால்தான் விசை.
மிச்ச விரல்கள் இரண்டும் வளையத்துக்குள் நெரிந்தன.

முழங்கை மடிப்பிலிருந்து நடுவிரல் வரை
தையற்காரன் போல நாடா பிடித்து
தொடாமல் அளந்தேன்.

ஒன்றேகால் அங்குலம் அறுத்தேன்.
எங்களூர் மரமில்லை. வாளுக்குக் கீழே
தேயிலைப் பெட்டி மணத்தது.
கன்னத்துக்குப் பூவரசின் வைரத்தில் ஒரு துண்டு
சீவிச் சீவி ஒட்டினேன்; நிறம் பொருந்திற்று.
வளையத்தைக் கொல்லர் காசிலிங்கம்
சூடாக்கி அகட்டித் தந்தார், காசு வாங்கவில்லை,
ஒரு பன்றித் தொடை போதும் என்றார்.

முன்குறிப் பித்தளை மங்கிப்போயிருந்தது.
மம்மலில் பன்றியும் வரம்பும் ஒரே கறுப்பு என்றாள்.
சங்குத் துண்டொன்றைக் குறுணலளவு அராவிப் பதித்தேன்.

"இனி என்ரை கண்ணுக்குக் குறி வையுங்கோ."

அவள் துவக்கை மேசையில் வைத்துவிட்டாள்.
"விசரோ உங்களுக்கு?"
வேறு வழியில்லை என்றேன்.
குழலுக்கு மேலே உங்கள் கண் எங்கே நிற்கிறதென்று
முன்னால் நிற்கிறவனுக்குத்தான் தெரியும்.

மூன்று தரம் வளையத்தை இழுத்தாள்.
மூன்று தரமும் சின்னவிரலை உள்ளே விட்டுப் பார்த்தாள்.
என் தையல் மெசின் எண்ணெய் மட்டும் ஒட்டியது.

கண்ணை மூடித் தூக்கினாள். திறந்தாள்.
சங்கு வெள்ளைக்கு நேர்மேலே
ஒரு கறுப்புக் கண். இமைக்கவில்லை.
அளவு சரி என்று சொல்ல
நான் கொஞ்சம் பிந்திவிட்டேன்.

கூலி இருபத்தைந்து ரூபா. அறுத்த துண்டையும்
கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.
அடுத்த மாதம் கேரதீவுப் பாதையில் வந்த பெடியன்
வாழையிலைப் பொதி இரண்டு தந்தான்.
"ஒண்டு கொல்லருக்காம். ஒரே வெடிதானாம்."

பிறகு துவக்குகள் எல்லாம் வேறு கைகளுக்குப் போயின.
ஒரு இரவு வந்து கேட்டார்கள், குடுத்திட்டன் என்றாள்
பஸ் நிலையத்தில் கண்டபோது.
"அவங்களுக்கு அது கட்டையாய் இருக்கும்."
அவ்வளவுதான் சொன்னாள்.

இன்னும் பிறகு, நாவற்குழிப் பாலத்தடியில்
என் சைக்கிளை மறித்து
நெஞ்சுக்கு நேரே நீட்டியவனுக்கு
மீசை அரும்பவில்லை.
குழலைப் பார்க்கவேண்டும், அல்லது நிலத்தை.
நான் பிடங்கைப் பார்த்தேன்.
அடி அக்குளுக்குள் போயிருந்தது.
கழுத்தை நீட்டி, கன்னத்துக்கு இடம் தேடினான்.
குறைந்தது ஒன்றேகால்.

காதில் செருகியிருந்த பென்சிலுக்கு
என் கை தானாகப் போனது.
அவன் கத்தினான்.
இறக்கினேன்.